மெச்சலாமா, பாராட்டலாமா? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் பதில்கள்.

வில்லியனூர் வங்கி ஊழியர்: எங்கள் மேலாளர் ஓய்வு பெறுகிறார். மடலில் "தங்கள் உழைப்பை மெச்சுகிறோம்" என்று எழுதலாமா ஐயா?

வேண்டாம். மெச்சுவது பெரும்பாலும் பெரியவர் சிறியவருக்குச் செய்வது. மாமியார் மருமகளை மெச்சலாம், ஆசிரியர் மாணவனை மெச்சலாம். நீங்கள் மேலாளரை மெச்சினால் அவருக்கு மதிப்பெண் போடுவதாகிவிடும். "போற்றுகிறோம்" என்று எழுதுங்கள். "ஊர் மெச்சப் பணியாற்றினார்" என்றும் எழுதலாம். அங்கே மெச்சுவது ஊர்.

பாகூர் கல்லூரி மாணவி: "வேற்றுமை பாராட்டாதே" என்கிறோம். வேற்றுமையை யாராவது புகழ்வார்களா?

இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்டலாம் அம்மா. புகழ்தல் அச்சொல்லின் ஒரு பொருள் மட்டுமே. ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் பாராட்டுதல்தான். உறவு பாராட்டுகிறோம், பகையும் பாராட்டுகிறோம். தவறு செய்தவர் "குற்றம் பாராட்ட வேண்டாம்" என்று கேட்டுக்கொள்கிறார். பிள்ளையைச் சீராட்டிப் பாராட்டி வளர்ப்பதில் புகழ்ச்சி எங்கே இருக்கிறது? கொஞ்சலும் கவனிப்பும்தான். புகழ்ச்சியைவிடப் பாராட்டு எனக்குப் பிடித்திருப்பதும் இதனால்தான். நீ செய்ததைக் கவனித்தேன் என்பது அதில் அடங்கியிருக்கிறது. புகழ்வதற்கு எதையும் கவனித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மேடைகளில் தினமும் பார்க்கிறோமே!

கடலூர் முதுநகர் கடைக்காரர்: நன்றி என்பது பழைய சொல்தானா?

சொல் பழையது, பொருள் நகர்ந்திருக்கிறது. "நன்றி மறப்பது நன்றன்று" என்ற குறளில் நன்றி என்றால் பிறர் நமக்குச் செய்த நன்மை. அதை மறவாமைக்குப் பெயர் நன்றியறிதல்.

முத்தியால்பேட்டை இல்லத்தரசி: "உன் சமையலைக் கேட்கவா வேண்டும்!" என்கிறார் என் கணவர். இது புகழ்ச்சியா?

வஞ்சப்புகழ்ச்சியாகவும் இருக்கலாம். அதில் ஔவையாரை மிஞ்ச ஆளில்லை. அதியமானின் தூதராகப் பகை மன்னன் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் (புறநானூறு 95). கேட்பதற்குப் புகழ், உள்ளே, உன் வேல் போரையே கண்டதில்லை என்ற குத்தல். உங்கள் கணவர் மறுசோறு கேட்கிறாரா என்று பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

நெல்லிக்குப்பம் வாசகர்: முகமனும் முகத்துதியும் ஒன்றா?

இல்லை. முகமன் வந்தவரை வரவேற்கும் இன்சொல். முகத்துதி காரியம் முடியும் வரைதான்.

மஞ்சக்குப்பம் வாசகர்: சிலாகித்தல்?

வடமொழி வழி வந்தது. ரசித்ததை, எங்கே ரசித்தோம், எதனால் ரசித்தோம் என்று விரித்துச் சொல்வது. "அருமை" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் அது சிலாகிப்பு ஆகாது.