சம்பளம், பங்கு, வாடகை: மூன்றும் ஒரே துறையிலா?

கேள்வி: பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். நன்கு அறிந்த துறை என்பதால் சேமிப்பின் பெரும்பகுதியை ஐ.டி. பங்குகளிலேயே போட்டிருக்கிறேன். ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த வைட்ஃபீல்டில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அடுத்து எந்தத் துறைப் பங்குகளை வாங்கலாம்?
– வாசகர், அல்சூர்

பதில்: உங்கள் சம்பளம், பங்குகள், வைட்ஃபீல்டு வாடகை ஆகிய மூன்றும் ஏற்கெனவே ஒரே துறையை நம்பித்தான் இருக்கின்றன. இந்திய ஐ.டி. நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருவதால், அங்குள்ள வங்கிகளும் வணிக நிறுவனங்களும் செலவைச் சுருக்கத் தொடங்கினால் இங்கே புதிய ஒப்பந்தங்கள் குறைந்து, பங்கு விலையோடு ஊதிய உயர்வும் ஆளெடுப்பும் பாதிக்கப்படும். வைட்ஃபீல்டில் வீடு தேடி வருவோரும் குறைவார்கள். 2022ஆம் ஆண்டில், 50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் நிஃப்டி 50 குறியீடு சுமார் 4 சதவீதம் உயர்ந்தபோதும், நிஃப்டி ஐ.டி. குறியீடு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

ஆகவே, எந்தத் துறை ஏறும் என்பதைவிட, எந்தத் துறையின் இலாபம் வேறொரு காரணத்தால் ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதமும் வாராக்கடனும் முக்கியம். சோப்பு, பிஸ்கட் விற்கும் நிறுவனங்களுக்குப் பருவமழையும் கிராமப்புற வருமானமும் முக்கியம். பெயின்ட் நிறுவனங்களின் மூலப்பொருள்கள் பல கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பதால், எண்ணெய் விலை ஏறினால் அவற்றின் இலாபம் குறையும். மருந்துத் துறையைப் பாதுகாப்பானது என்று பலரும் சொல்வார்கள்; ஆனால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் மருந்து நிறுவனங்களும் உங்கள் துறையைப் போலவே டாலரைச் சார்ந்தவை என்பதைக் கவனியுங்கள்.

என் கருத்தில், தனித்தனிப் பங்குகளைத் தேடுவதற்கு முன் நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில் மாதாமாதம் சேமிப்பதே உங்களுக்கு ஏற்றது. அக்குறியீட்டில் நிதித் துறைக்கே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத எடை இருப்பதால், அதோடு வங்கி ஃபண்ட் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளத் தேவையில்லை.

கேள்வி: ஒரே துறைக்கான மியூச்சுவல் ஃபண்டுகள் எப்படி?
– அதே வாசகர்

பதில்: பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிப்படி அவை குறைந்தது 80 சதவீதப் பணத்தை அந்தத் துறையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதால், துறை சரியும்போது ஃபண்ட் மேலாளர் பெருமளவில் வெளியேற இயலாது, எப்போது விற்பது என்பதை நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும். இருக்கும் ஐ.டி. பங்குகளைக் குறைப்பதே இப்போது அவசரம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளின் இலாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரியில்லை என்பதால், விற்பனையை இரண்டு மூன்று நிதியாண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.