விரலை மாற்றினாயா?

அன்புள்ள ஐயா,

மானுடவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கல்குவாரித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பதினான்கு மாதம் தங்கியிருந்தேன். ஆய்வேட்டை மூன்று பேர் படித்தால் அதிகம். அதனால் பத்திரிகைக் கட்டுரைபோல, எல்லோரும் படிக்கும்படி எழுத நினைக்கிறேன். நெறியாளர் முகம் சுளிக்கிறார். எங்கே தொடங்குவது? பெயர்களை மாற்றிவிடுவேன், அதில் பிரச்சினை இல்லை.

க.

அன்புள்ள க.,

நெறியாளரை விடுங்கள். மானுடவியலாளர் மார்கரெட் மீட் 1960களிலும் 70களிலும் ரெட்புக் என்ற பெண்கள் இதழில் பத்தி எழுதினார். துறை ஒன்றும் இடிந்து விழவில்லை. தொடக்கமா? ஓர் ஆளை வைத்துத் தொடங்குங்கள், கோட்பாடு வாசலில் காத்திருக்கட்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கடைசி வரி. பிரச்சினை இல்லையா? யாருக்கு?

நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்ற மானுடவியலாளர் அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி 1979இல் நூல் எழுதினார். ஊருக்குப் புனைபெயர்தான் வைத்தார். ஊரும் தன்னைக் கண்டுகொண்டது, பத்திரிகைக்காரர்களும் கண்டுபிடித்தார்கள். 1999இல் திரும்பிப் போனவரை வெளியேறச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. நிருபராக இருந்தபோது ஒரு தையல்காரப் பாட்டியைப் பற்றி எழுதினேன். வலக்கையில் இரண்டு விரல் கிடையாது. ஊசியில் நூல் மூன்றாவது தடவைதான் நுழையும். ஒவ்வொரு தடவையும் நூல்முனையை உதட்டில் ஈரப்படுத்திக்கொள்வாள். அதுதான் என் லீட், கட்டுரையின் தொடக்க வரி. ஆசிரியர் தோளைத் தட்டினார். பேரை மட்டும் மாற்றியிருந்தேன், உங்களைப் போலவே.

பேப்பரை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். போனபோது தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"பேரை மாத்தினியே, விரலை மாத்தினியா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"மருமக பேசறதில்லேன்னு உங்கிட்டதானே சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?"

உங்களை ஈர்க்கும் இதழியல் உத்தி இதுதான்: கண்ணில் நிற்கும் ஒரு நுணுக்கம். ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அதுவேதான். நுணுக்கத்தை எடுத்தால் கட்டுரை செத்துவிடும், வைத்தால் பேர் மாற்றியது கண்துடைப்பு. பதினான்கு மாதம் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்த உங்களுக்கு இது உறைக்கவில்லை என்றால் என்ன களப்பணி செய்தீர்கள்? கோபம் உங்கள்மேல் மட்டுமில்லை, தெரிந்திருக்கும்.

அச்சேறும் முன் கட்டுரையைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டக் கூடாது என்பது பல பத்திரிகை அலுவலகங்களில் எழுதப்படாத சட்டம். அமைச்சரைப் பற்றி எழுதும்போது சரி. அதை மட்டும் கடன் வாங்காதீர்கள்.

வரைவை எனக்கு அனுப்ப வேண்டாம். அங்கே எடுத்துப்போய் வாசித்துக் காட்டுங்கள், வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து.