பாட்டி விளக்கில் பச்சைப் பொடி: பழைய உலோகப் பொருள்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த வெண்கல விளக்கு எங்களிடம் இருக்கிறது. அடிப்பகுதியில் வெளிர் பச்சையாகப் பொடி படிகிறது. புளி போட்டுத் தேய்த்தால் போகிறது, சில வாரங்களில் திரும்ப வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? (பிடோக்)

முதலில் புளியை நிறுத்துங்கள் அம்மா. கரும்பச்சையாக, வழவழப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒட்டியிருந்தால் அது பழைய உலோகத்துக்குப் பாதுகாப்பான மேல்தோல். அதைத் தொடவே கூடாது. நீங்கள் சொல்வது வேறு. வெளிர் பச்சை, தொட்டால் உதிர்கிறது, தட்டிவிட்டுப் பார்த்தால் அடியில் சின்னக் குழி. இதை வெண்கல நோய் என்போம்.

கடற்காற்று, வியர்வை, மண் என்று எங்கிருந்தோ வந்த உப்பு உலோகத்துக்குள் செம்புக் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. அதில் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் பச்சைப் பொடி உண்டாகும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பை அரித்து மறுபடி குளோரைடை உருவாக்கும். பிறகு அதே சுற்று. புளி மேலே உள்ள பொடியைத்தான் கரைக்கிறது. குழியின் அடியில் உள்ள குளோரைடு அப்படியே இருக்கிறது, அதற்குத் தண்ணீரையும் நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

காற்றின் ஈரப்பதம் 42 விழுக்காட்டைத் தாண்டினாலே இந்த நோய் விழித்துக்கொள்ளும். சிங்கப்பூரின் சராசரியோ 80-க்கு மேல். அதனால் நம் வீடுகளில் இது தானாக அடங்காது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ந்த மென்தூரிகையால் பொடியைத் தட்டிவிடுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை நிறையப் போட்டு விளக்கை உள்ளே வையுங்கள். ஒரு சின்ன ஈரப்பதமானியையும் வைத்து, 40-க்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும். அரும்பொருள் பாதுகாப்புக் கூடங்களில், அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசலில் ஊறவைத்து, பாராலாய்ட் பி-72 என்ற பிசினை மேலே பூசுவார்கள். பென்சோட்ரையசோல் நச்சுப்பொருள், வீட்டில் முயல வேண்டாம்.

எங்கள் ஐம்பொன் சிலையை ஒரு கடையில் துப்பாக்கி மாதிரிக் கருவியால் சோதித்து, தங்கமே இல்லை என்றார்கள். போலியா? (புக்கிட் பாத்தோக்)

அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. ஐம்பொன் என்று பெயர் இருந்தாலும், சோழர் காலச் சிலைகளை ஆராய்ந்தால் கிடைப்பது பெரும்பாலும் செம்புதான். கூடவே வெள்ளீயமும் காரீயமும் இருக்கும். தங்கமும் வெள்ளியும் இருந்தால் துளியளவே.

அந்தக் கருவி எக்ஸ்கதிர் ஒளிர்வு முறையில் வேலை செய்வது, அதாவது எக்ஸ்கதிர் பட்டதும் உலோகம் திருப்பி உமிழும் கதிரை வைத்து அது என்ன உலோகம் என்று சொல்வது. மேற்பரப்பை மட்டுமே படிக்கும். அரித்த இடத்தில் செம்பு கரைந்துபோய் வெள்ளீயம் கூடுதலாகக் காட்டும். மெல்லிய முலாம் இருந்தாலோ சிலை முழுக்கத் தங்கம் போலத் தெரியும். பீடத்தின் அடியில், கண்ணில் படாத இடத்தில், அரிக்காத உலோகத்தைப் படித்தால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு. அதையும் கடையில் சுரண்ட விடாதீர்கள், அரும்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

இன்னும் ஆழமான சோதனை காரீய ஐசோடோப்பு விகிதம், அதாவது காரீயத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது. காரீயம் எந்தத் தாதுவிலிருந்து வந்தது என்பதற்கு அது தடயம் தரும். தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் இந்த விகிதங்களையும் நுண்ணளவுத் தனிமங்களையும் கொண்டு தென்னிந்தியச் சிலைகளைக் கால வாரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. சிலையின் முகபாவத்தைப் பார்த்து மட்டுமே காலம் சொல்லிவந்த துறைக்கு, கையில் பிடித்துப் பார்க்க ஒரு சான்று கிடைத்தது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு 5,000 ஆண்டு என்கிறார்கள். இரும்பின் வயதை நேரடியாக அளக்க முடியுமா? (ஈசூன், மாணவர்)

2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையில் வந்த பொது ஆண்டுக்கு முன் 3345 என்ற காலம், இரும்போடு கிடைத்த கரியிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து பெற்றது. உலோகத்துக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. ஆனால் மரக்கரி போட்டு உருக்கிய இரும்பில் அந்த மரத்தின் கார்பன் கொஞ்சம் தங்கியிருக்கும். துருப்பிடிக்காத பகுதி மிச்சம் இருந்தால் அதை நேரடியாகவே அளக்கலாம். துருவில் வெளிக் கார்பன் புகுந்துவிடும் என்பதால் சிக்கல். கரி வந்த மரமே பழைய மரமாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இப்படிக் கேள்வி கேட்பதை விட்டுவிடாதீர்கள் தம்பி.

வெள்ளிக் குங்குமச்சிமிழ் அலமாரியிலேயே கறுக்கிறது. (செங்காங்)

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி இரண்டையும் அதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அமிலம் கலக்காத தாளில் சுற்றி, ஜிப் பையில் போடுங்கள். அலுமினியத் தாள், சமையல் சோடா வைத்தியம் வேலைப்பாடு உள்ள பொருளுக்கு வேண்டாம். செதுக்கலின் பள்ளத்தில் வேண்டுமென்றே விட்ட கருமையையும் அது எடுத்துவிடும்.

இணையத்தில் பழைய உமா சிலை ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (உட்லண்ட்ஸ்)

உலோகச் சோதனைக்கு முன்னால் காகிதங்களைக் கேளுங்கள் ஐயா. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையை, இந்திய மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை. நம் ஆசிய நாகரிக அரும்பொருளகமே 2007-இல் வாங்கிய சோழர் கால உமா பரமேஸ்வரி சிலையை, அது திருடப்பட்டது எனத் தெரியவந்ததும், 2015-இல் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. எந்தக் கோயிலிலிருந்து, எந்த ஆண்டு, யார் கை வழியாக வந்தது என்பதற்கு விற்பவரிடம் எழுத்தில் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.