பேட்டரி இல்லாத கேமராவும் சிவப்புக் கொடியும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தாத்தாவின் பீரோவில் ஒலிம்பஸ் டிரிப் 35 என்ற பழைய பிலிம் கேமரா கிடைத்தது. பேட்டரி போடும் இடமே காணோம். ஏதாவது கழன்றிருக்குமா?

பதில்: எதுவும் கழன்றிருக்காது தம்பி, அதற்குப் பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒரு வளையம் இருக்கிறதல்லவா? அதன் பின்னால் இருப்பது செலினியம். வெளிச்சம் பட்டால் அதுவே துளி மின்சாரம் தரும், அதில் உள்ளே ஒரு முள் நகரும். பட்டனை அமுக்கும்போது முள் நின்ற இடத்திலேயே சிறைப்படும். அது நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் லென்ஸ் துவாரம் எவ்வளவு திறக்கும், ஷட்டர் (பிலிம் மீது வெளிச்சம் விழத் திறந்து மூடும் திரை) வேகம் 1/40 நொடியா 1/200 நொடியா என்பதெல்லாம்.

பிலிம் வாங்கும் முன் ஒரு சோதனை. லென்ஸில் துவாரத்தை மாற்றும் வளையத்தை 'ஏ'யில் (ஆட்டோ) வைத்து, பின்பக்கப் பல்சக்கரத்தை அது நிற்கும்வரை சுற்றுங்கள். லென்ஸை உள்ளங்கையால் முழுக்க மூடி அமுக்கினால், பார்க்கும் கண்ணாடிக்குள் சிவப்புக் கொடி எட்டிப் பார்க்கும், ஷட்டர் விழாது. கையை எடுத்து வெயிலில் அமுக்கினால் 'கிளிக்'. வெயிலிலும் கொடிதான் என்றால் செலினியம் செத்திருக்கலாம்.

கேள்வி: இப்படி வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ கேமராவை முதலில் கொண்டுவந்தது ஜப்பான்தானே?

பதில்: இல்லை, அமெரிக்காவின் கோடக். 1938இல் வந்த சூப்பர் சிக்ஸ்-20, விலை 225 டாலர்! ஆயிரம் கேமராகூடத் தயாராகவில்லை. அதில் ஷட்டர் வேகத்தை நாம் வைக்க வேண்டும், துவாரத்தை மட்டும் அது பார்த்துக்கொள்ளும். இரண்டையும் தானே முடிவு செய்தது 1959இல் வந்த ஜெர்மனியின் அக்ஃபா ஆப்டிமா. பச்சை தெரிந்தால் எடு, சிவப்பு தெரிந்தால் விடு. அவ்வளவுதான்.

கேள்வி: யாஷிகா எலெக்ட்ரோ 35க்குப் பேட்டரி கிடைக்கவில்லை. பேட்டரி இல்லாமலே ஷட்டர் விழுகிறதே, அப்படியே எடுக்கலாமா சார்?

பதில்: வேண்டாம் சார், ஏமாந்து போவீர்கள். 1966இல் வந்த இந்த கேமராவில் துவாரம் நம் கையில், ஷட்டர் மின்னணுவின் கையில். பேட்டரி இல்லாவிட்டால் எல்லாப் படத்துக்கும் ஒரே அதிவேகம்தான், சுமார் 1/500 நொடி. வீட்டுக்குள் எடுத்தால் கறுப்புத்தான். நானே ஒரு ரோல் முழுக்க இப்படிப் பாழாக்கியவன். இதற்கான பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. அடாப்டர் குழாய் வாங்கி 6 வோல்ட் பேட்டரி போடுங்கள், தாராளமாக ஓடும்.

கேள்வி: டிரிப் 35இல், படத்தில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் முகம் கறுத்துவிடுகிறதே?

பதில்: வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வானத்தையும் சேர்த்தே அளக்கிறது, அதற்கு முகம் எது என்று தெரியாது. 200 பிலிம் (ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு எண்) போட்டிருந்தால் லென்ஸ் வளையத்தில் அந்த எண்ணை 100க்கு இறக்குங்கள், வெளிச்சம் இரு மடங்கு விழும். எடுத்ததும் மறக்காமல் 200க்கே திருப்பிவிடுங்கள்.