ரசீதைக் கூட்டினால் டிராக்டரின் விலை வராது

கேள்வி: அப்பாவின் 1950ஆம் ஆண்டு ஃபெர்குசன் டிராக்டர் (தகட்டில் டிஇடி20 என்று இருக்கிறது) பல வருடம் ஓடாமல் கொட்டகையில் நின்றது. அவர் போன பிறகு நான் மூன்று வருடம் மெனக்கெட்டு, என் சொந்தப் பணத்தைப் போட்டு, அதைப் புதுசு போல ஆக்கியிருக்கிறேன். இப்போது தங்கை தன் பங்குக்கு எவ்வளவு என்று கேட்கிறார். ரசீதுகளைக் கூட்டினால் பெரிய தொகை வருகிறது. பார்க்க வந்த தரகரோ அதில் பாதி கூடத் தேறாது என்கிறார். எதை நம்புவது?

பதில்: முதலில், ஓடாமல் நின்ற வண்டியை ஓட வைத்ததற்குப் பாராட்டுகள், அது சின்ன வேலை இல்லை. ஆனால் அந்த ரசீதுக் கட்டை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். அது நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும்தான் சொல்லும், வாங்க வருகிறவர் எவ்வளவு கொடுப்பார் என்று சொல்லாது. பழைய டிராக்டரைப் புதுப்பிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் போட்ட பணம் முழுசாகத் திரும்புவதில்லை. அதனால் தரகர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அதே சமயம் அவர் சொன்ன தொகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், குறைத்து வாங்கி ஏற்றி விற்பதுதானே அவர் தொழில்.

எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதாலேயே விலை ஏறிவிடாது. உங்கள் டிஇடி20 சேர்ந்த டிஇ20 வரிசை 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. நன்றாக உழைக்கும் வண்டி என்பதால் இன்றும் நிறைய மிஞ்சியிருக்கின்றன, உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. புதுப்பிக்கிறவருக்கு இது வசதி, விற்கிறவருக்கு இடைஞ்சல். ஆகவே உங்கள் வண்டியின் விலையை வயது தீர்மானிக்காது, எவ்வளவு அசலாக இருக்கிறது, எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

அசல் என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தகட்டில் உள்ள எழுத்துகள் எரிபொருளைச் சொல்கின்றன: உங்கள் டிஇடி, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாற்றி ஓட்டுகிற வகை. டிஇஏ பெட்ரோல், டிஇஎஃப் டீசல். தகடு ஒன்று சொல்ல எஞ்சின் வேறொன்றாக இருந்தால் விவரம் தெரிந்தவர் அங்கேயே விலையைக் குறைப்பார். ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரிலும் ஏறக்குறைய இதே எஞ்சின்தான் என்பதால் எப்போதோ மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணையும் தகட்டின் எண்ணையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்து ஸ்டார்ட் செய்யும் முறை. இந்த வண்டியில் கியர் லீவரை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும், கியரில் இருக்கும்போது வண்டி தவறிக் கிளம்பிவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். பழுதானதும் பல பேர் ஒரு பட்டனை வைத்து வேலையை முடித்துவிடுவார்கள். உங்கள் மெக்கானிக் அப்படிச் செய்திருந்தால் பழையபடி மாற்றச் சொல்லுங்கள், செலவு செய்யத் தகுந்த இடம் அது.

நிறத்தையும் பாருங்கள். டிஇ20 தலை முதல் கால் வரை, எஞ்சின் உட்பட, சாம்பல் நிறம். பளிச்சென்று இருக்கட்டும் என்று பின்னால் வந்த மாசி ஃபெர்குசன் மாதிரி சிவப்பு அடித்திருந்தால் அழகாக இருக்கலாம், சேகரிப்பாளர் வாங்க மாட்டார். எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஃபார்மால் என்ற அமெரிக்க டிராக்டர் என்றால் எல்லோர் மனதிலும் சிவப்புதான், ஆனால் 1936 வரை அவையும் சாம்பல் நிறத்தில்தான் வந்தன. சொல்லப்போனால், பெயின்ட் அடிக்காமல் அசல் நிறம் தேய்ந்து நிற்கும் நல்ல வண்டிக்குப் புதுப்பித்ததைவிட அதிக விலை கிடைப்பதும் உண்டு. பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் அதில் வராதே. ஒருமுறை நான் பார்க்கப் போன வண்டி கண்ணாடி போல மின்னியது, கிட்டே போனால் ரப்பர் ஹோஸ், கிரீஸ் வைக்கும் நிப்பிள், தகடு எல்லாவற்றின் மேலும் ஒரே ஸ்ப்ரே. நிப்பிளிலேயே பெயின்ட் உறைந்திருந்தால், பெயின்ட் அடித்த பிறகு ஒருவரும் கிரீஸ் வைக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

ஓட்டத்தைச் சோதிக்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முதல் நாள் இரவு நிறுத்தியதைக் காலையில் எடுங்கள், நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. நன்றாகச் சூடேறிய பிறகு மெதுவாக ஓடும்போது ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் லிஃப்ட்: பின்னால் ஒரு கனமான கருவியை மாட்டித் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். திரும்பி வரும்போது கருவி தரையைத் தொட்டிருந்தால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கிறது. ஃபெர்குசனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே கருவியைப் பின்னால் மூன்று இடத்தில் மாட்டித் தூக்கும் அந்த மூன்று முனை இணைப்புதான், அது சரியில்லாத வண்டிக்கு யாரும் முழு விலை தர மாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்தால் உங்கள் வண்டி எந்தத் தரம் என்று புரிந்துவிடும். பிறகுதான் விலை தேட வேண்டும். விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது விற்கிறவரின் ஆசை. ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள்: அதே மாடல், அதே எரிபொருள், ஏறக்குறைய அதே நிலை, கடந்த ஓரிரு வருடத்துக்குள். ஏழெட்டு கிடைத்தால் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். வாங்குபவரின் கமிஷன் சேர்த்த தொகையா, சேர்க்காததா என்றும் கவனியுங்கள், பல ஏலங்களில் அது தனி. அப்பா வாங்கியபோது வந்த கலப்பை, கையேடு, பழைய பதிவுத் தாள் ஏதாவது இருந்தால் வண்டியோடு சேர்த்தே மதிப்பிடுங்கள். மதிப்பீட்டாளரை வைப்பதானால் நிலையான கட்டணம் வாங்குகிறவராக இருக்கட்டும், விலையில் சதவீதம் கேட்பவரும் தானே வாங்கிக்கொள்ள நினைப்பவரும் வேண்டாம்.

சரி, தங்கை விஷயம். உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று இதில்தான் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் பொதுவாக வந்தது இன்று மின்னிக்கொண்டு நிற்கும் வண்டி இல்லை, கொட்டகையில் ஓடாமல் நின்ற வண்டி. ஆகவே இரண்டு விலை தேடுங்கள்: ஓடாத நிலையில் இதே மாடல் இப்போது என்ன விலைக்குப் போகிறது, புதுப்பித்த நிலையில் என்ன விலைக்குப் போகிறது. முதல் தொகையில் தங்கைக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள். அதற்கு மேல் ஏறியது உங்கள் உழைப்பு, உங்களுக்கே. ஏறியதைவிட நீங்கள் அதிகம் செலவழித்திருந்தால் அந்த நஷ்டமும் உங்களுடையதுதான், அதை அவர் பங்கிலிருந்து கழிக்க நினைக்காதீர்கள். புதுப்பிக்கும்போதே இருவரும் பேசி ஏதாவது ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் பாலிசி கிடைத்தால், இந்த வேலைகளெல்லாம் நடந்தன என்று காட்ட அவை உதவும். விற்க நேர்ந்தாலும் வாங்குபவர் அவற்றைப் பார்க்க விரும்புவார்.

வேலை தொடங்கும் முன் வண்டி எப்படி இருந்தது என்று காட்டும் படங்கள் உங்களிடம் உண்டா? பழைய நிலையின் விலையைப் பேச அவை வேண்டும். இல்லையென்றால் தங்கையிடம் கேளுங்கள், அப்பா அந்த டிராக்டரின் மேல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றாவது அவரிடம் இருக்கும்.