சதுரங்கமும் மொபைல் கேமும் விளையாட்டுப் போட்டியில் சேருமா?

சேரும். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘விளையாட்டு’ என்று ஒரே சொல் இருப்பதால்தான் பாதிக் குழப்பமே. மலாய் மொழியில் பொழுதுபோக்குக்கு ‘பெர்மாய்னான்’, பொது விதி, நடுவர், பயிற்சி என்று வந்துவிட்டால் ‘சுக்கான்’. வேர்த்தால்தான் சுக்கான் என்றால், துப்பாக்கி சுடுதல் 1896 ஒலிம்பிக்கிலேயே எப்படி வந்தது?

எங்கள் எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பாருங்கள்: புஜபலத்தைவிட, கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகிறது என்ற கைக்கணக்குதான் முக்கியம், கொஞ்சம் கூடினாலும் மரத்துக்குக் காயம். அதை வேலை இல்லை என்று சொல்லிப் பாருங்களேன், அடி விழும்!

சதுரங்கம் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டி, மொபைல் கேம் போன்ற மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) 2019 சீ கேம்ஸில், அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில்.

அப்புறம், கோப்பிக்கடையில் ராத்திரி முழுக்க போனைத் தட்டும் தம்பியும் விளையாட்டு வீரர்தானா என்றால், இல்லை. திடலில் சும்மா பந்து உதைப்பவரும் கால்பந்து வீரர் இல்லையே.