லிங்க் திறக்க மாட்டேங்குதா? கேள்வி பதில்

தி. நகர்: துணிக்கடைக்கு சைட் போட்டிருக்கேன் அண்ணா. இன்ஸ்டாகிராம் லிங்க்கை அழுத்தினா 'பக்கம் இல்லை'ன்னு 404 வருது. அதே அட்ரஸைத் தனியா பிரவுசர்ல போட்டா திறக்குது. ஏன்?

பதில்: ஹெச்ரெஃபில், அதாவது லிங்க் போக வேண்டிய முகவரியை எழுதும் இடத்தில், மூன்று டபிள்யூவிலிருந்தே ஆரம்பித்திருப்பீர்கள். முன்னால் ஹெச்டிடிபிஎஸ், கோலன், இரண்டு ஸ்லாஷ் இல்லாவிட்டால், உங்கள் சைட்டிலேயே அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருப்பதாக பிரவுசர் எடுத்துக்கொள்ளும். 404 வந்ததும் அட்ரஸ் பாரைப் பாருங்கள்: உங்கள் முகவரிக்குப் பின்னால் இன்ஸ்டாகிராம் முகவரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அட்ரஸ் பாரில் தட்டினால் விட்டுப்போனதை பிரவுசரே நிரப்பிவிடும். ஹெச்ரெஃபுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தாம்பரம்: லேப்டாப்ல எல்லாம் ஓடுது, சர்வர்ல ஏத்தினதும் பாதி லிங்க் செத்துடுச்சு.

பதில்: விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும். ஃபைல் பெயர்களை முழுக்கச் சின்ன எழுத்தில், இடைவெளிக்குப் பதில் ஹைஃபன் போட்டு மாற்றுங்கள். லிங்க்கில் 'சி டிரைவ்' பாதை எதுவும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது உங்கள் மெஷினில் மட்டும்தான் திறக்கும்.

மயிலாப்பூர்: எங்க மெஸ் நம்பரைத் தொட்டா கால் போகணும். வாட்ஸ்அப்பும் வேணும் சார்.

பதில்: ஹெச்ரெஃபில் 'டெல்', கோலன், பிறகு நம்பர். லேண்ட்லைன் என்றால் 044-இன் முதல் சைபரை எடுத்துவிட்டு +9144, அதன்பின் எட்டு இலக்கம். +91044 என்று போட்டால் கால் போகாது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் 044 இருக்கலாம், தப்பில்லை. வாட்ஸ்அப்பின் 'டபிள்யூஏ டாட் எம்இ' லிங்க்கில் பிளஸ், ஹைஃபன், முன் சைபர் எதுவும் கூடாது. 91-ஐ அடுத்து மொபைல் நம்பர், அவ்வளவுதான்.

ரிச்சி தெரு: விலைப்பட்டியல் பிடிஎஃப்புக்கு டவுன்லோட் ஆட்ரிப்யூட் போட்டும் இறங்கலை, திறந்துக்குது.

பதில்: பிடிஎஃப் வேறு டொமைனில் இருக்கும். ஃபைலைத் திறக்காமல் இறக்கச் சொல்லும் இந்த ஆட்ரிப்யூட், உங்கள் பக்கம் இருக்கும் அதே டொமைனில் உள்ள ஃபைலுக்குத்தான் செல்லும். உங்கள் சர்வருக்கே மாற்றுங்கள்.

அடையாறு: புது டேப்ல திறக்க டார்கெட் போட்டேன். எந்த லிங்க்கை அழுத்தினாலும் ஒரே டேப்ல மாறி மாறி வருது. நோஓப்பனர் கட்டாயமா?

பதில்: டார்கெட்டில் எழுதிய 'பிளாங்க்'குக்கு முன் அண்டர்ஸ்கோர் (அடிக்கோடு) விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாவிட்டால் 'பிளாங்க்' வெறும் பெயர். அந்தப் பெயர் கொண்ட டேப்பிலேயே எல்லாம் போய் விழும். நோஓப்பனர் இல்லாவிட்டால், திறந்த பக்கம் உங்கள் பழைய டேப்பை வேறு முகவரிக்குத் திருப்பிவிட முடியும். குரோம் 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து தானே தடுத்துவிடுகிறது. பழைய போன்களை நினைத்து லிங்க்கின் 'ரெல்' ஆட்ரிப்யூட்டில் நோஓப்பனர் என்று எழுதிவிடுங்கள், ஒரு சொல்தானே. சொந்தப் பக்கங்களுக்கு மட்டும் புது டேப் வேண்டாம். பேக் பட்டன் வேலை செய்யாமல் ஆள் திணறுவார்.

பெரம்பூர்: வேர்டில் டைப் பண்ணி ஒட்டின லிங்க் எதுவுமே போகலை.

பதில்: வேர்ட் நேர் மேற்கோளை வளைந்ததாக மாற்றிவிடும். பிரவுசர் அதை மேற்கோளாக எண்ணாமல் முகவரியின் பகுதியாகவே படிக்கும். அட்ரஸ் பாரில் சதவீதக் குறிகள் முளைத்திருந்தால் இதுதான். நோட்பேடில் மேற்கோள்களைத் திரும்ப அடியுங்கள்.

வேளச்சேரி: லிங்க்குக்கு டைட்டில் எழுதினேன், மொபைல்ல தெரியலையே?

பதில்: மவுஸ் மேலே நின்றால்தான் அது வரும், விரலுக்கு வராது. சொல்ல வேண்டியதை லிங்க் எழுத்திலேயே சொல்லுங்கள்: 'இங்கே அழுத்தவும்' அல்ல, 'இன்றைய மெனு'.